ஒரு சட்டி, கொஞ்சம் கறி, நிறையக் காய்

சீன வீடுகளின் அன்றாட இரவு உணவில் பெரும்பகுதி ஒரே சட்டியில் முடிந்துவிடுகிறது. அடி உருண்ட இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, சிறிது எண்ணெய் விட்டு, இஞ்சியும் பூண்டும் வெங்காயத்தாளும் போட்டு, மெல்லிய சீவல்களாக அரிந்த பன்றிக்கறியைப் புரட்டி, அதன்மேல் ஒரு கூடைக் கீரையோ முட்டைக்கோசோ பச்சை மிளகாயோ கொட்டிக் கிளறி, உப்பும் சோயா சாஸும் சேர்த்து இறக்குவார்கள். அடுப்பில் இருக்கும் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டாது. பக்கத்தில் சோறு தயாராக இருக்கும். பார்ப்பதற்கு இதைவிட எளிய சமையல் வேறில்லை. ஆனால் இந்த எளிமை கைகூட நெடுங்காலம் பிடித்தது. வீட்டுக்கு வீடு பன்றி, மெல்லிய வார்ப்பிரும்புச் சட்டி, பலருக்கும் எட்டும் விலையில் சமையல் எண்ணெய் என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்தது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். அவை சேர்ந்த பிறகும் இந்த முறையை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசென்றதில் வளத்துக்குப் பங்கு குறைவு; விறகுத் தட்டுப்பாட்டுக்கும் இறைச்சிப் பற்றாக்குறைக்குமே பங்கு அதிகம்.

மூன்றில் மூத்தது பன்றி. ஹெனான் மாகாணத்து ஜியாஹு அகழாய்வில் கிடைத்த எலும்புகள், சுமார் 8,600 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பன்றி வீட்டு விலங்காகிவிட்டதைக் காட்டுகின்றன. மேற்காசியாவில் நடந்ததற்குத் தொடர்பில்லாமல், சீனத்தில் தனியாகவே காட்டுப்பன்றி பழக்கப்பட்டது. ஷாண்டோங் பகுதியின் தாவென்கோ பண்பாட்டுக் கல்லறைகளில் இறந்தவரோடு பன்றித் தலைகளும் தாடை எலும்புகளும் புதைக்கப்பட்டிருக்கின்றன. யார் கல்லறையில் எத்தனை தாடை என்பது அவர் செல்வத்தின் அளவாக இருந்தது.

ஆடு மாடுகளுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும். சீனத்தின் சமவெளிகளில் நிலமெல்லாம் தினையும் கோதுமையும் நெல்லும் பிடித்துக்கொண்ட பிறகு மேய்ச்சலுக்கு மிஞ்சியது சொற்பம். பன்றிக்கு அந்தத் தொல்லை இல்லை. தவிடு, கழுநீர், காய்கறித் தோல், மீந்த கஞ்சி எதுவானாலும் தின்று கொழுக்கும். கொல்லையின் ஒரு மூலை போதும். ஹான் வம்சக் காலத்துக் கல்லறைகளில் (கி.மு. 206 – கி.பி. 220) வைக்கப்பட்ட சுடுமண் பொம்மை வீடுகளில், கழிப்பறையை ஒட்டியோ அதன் கீழேயோ பன்றிக்கொட்டில் அமைந்திருப்பதைக் காணலாம். மனிதக் கழிவு பன்றிக்கும் பன்றிக்கழிவு வயலுக்கும் போயின. இன்று அருவருப்பாகத் தோன்றலாம். ஆனால் ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் விளைச்சல் எடுத்த உழவருக்கு எரு உயிர்நாடி. பன்றியை வளர்த்ததற்கு இறைச்சி ஒரு காரணம் என்றால் எரு அதற்குக் குறையாத இன்னொரு காரணம்.

இந்தப் பன்றி தொடக்கத்தில் சட்டியில் வதங்கவில்லை. பழைய சீனச் சமையல் நீரையும் ஆவியையும் நம்பியது. மூன்று கால் மண்பானையில் கொதிக்கவைப்பதும், அடியில் துளையிட்ட பாத்திரத்தில் தானியத்தை அவிப்பதும் கற்காலத்திலேயே வேரூன்றிய வழக்கங்கள். கறியும் கீரையும் மாவும் சேர்ந்த கெட்டியான ரசம் போன்ற 'கெங்' என்ற உணவுதான் அரசர் முதல் உழவர் வரை எல்லோருக்கும் பொது. கறியின் அளவில்தான் வேறுபாடு. இறைச்சியை நெருப்பில் வாட்டுவது விருந்துக்கும் படையலுக்கும் உரியது. மண்பானையில் எண்ணெயை உச்சச் சூட்டுக்குக் காய்ச்சினால் பானை விரிசல் விடும். வெண்கலப் பாத்திரமோ மேட்டுக்குடியினரின் சொத்து. வதக்கும் சமையலுக்கு உரிய கலமே அன்று சாதாரண வீட்டில் இல்லை.

சுவையூட்டும் பொருள்கள் மட்டும் கலத்துக்கு முன்பே வந்துவிட்டன. சாங்ஷா அருகே மாவாங்துய் என்ற இடத்தில் திறக்கப்பட்ட கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக் கல்லறையில், புளிக்கவைத்து உப்பிட்ட கறுப்புச் சோயா அவரை கிடைத்திருக்கிறது. பருப்பைப் புளிக்கவைத்து அதில் இறைச்சியின் ருசியை வரவழைக்கும் வித்தை இது. கறி குறைவாக இருக்கும் சட்டியில் அந்தக் குறை தெரியாமல் செய்வது இன்றும் சோயா சாஸின் வேலைதான்.

இரும்பை உருக்கி அச்சில் வார்க்கும் தொழில் சீனத்தில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டளவில் நிலைபெற்றது. ஐரோப்பா இந்த நுட்பத்தைக் கையாள அதற்குப் பிறகு ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் ஆயின. கலப்பைக் கொழு, மண்வெட்டி, அரிவாளோடு சமையல் பாத்திரங்களும் வார்க்கப்பட்டன. ஹான் பேரரசர் வூ கி.மு. 117-ல் இரும்புத் தொழிலை அரசின் தனியுரிமை ஆக்கினார். கி.மு. 81-ல் அரசவையில் உப்பு, இரும்பு பற்றி நடந்த புகழ்பெற்ற வாதத்தில், அரசுப் பட்டறைக் கருவிகள் விலை அதிகம், தரம் மட்டம் என்று அறிஞர்கள் குறைகூறினார்கள். அதே காலத்தில் அடுப்பும் மாறியது. ஹான் கல்லறைகளின் சுடுமண் அடுப்புப் பொம்மைகள் மூடிய அறையும் மேலே வட்டத் துளைகளும் புகைபோக்கியும் கொண்டவை. துளையில் சட்டி உட்கார்ந்துவிட்டால் தீ நாலாபுறமும் சிதறாமல் முழுவதும் அடியில் பாயும். உருண்டை அடிச் சட்டிக்கு இந்த அடுப்புதான் தாய்வீடு. தட்டையான எரிவாயு அடுப்பின் மேல் வைத்தால் அது ஆடுவது அடுப்பின் குற்றம், சட்டியின் குற்றம் அன்று.

எண்ணெயில் கிளறி வதக்கும் சமையலுக்கு எழுத்துச் சான்று கி.பி. ஆறாம் நூற்றாண்டில் கிடைக்கிறது. வடக்கு வெய் அரசின் அதிகாரியான ஜியா சிஷியே எழுதிய 'சிமின் யாவ்ஷு' என்ற வேளாண்மை நூல் உழவு, கால்நடை, ஊறுகாய், மது, சமையல் என எல்லாவற்றையும் பத்துப் பகுதிகளில் விரித்துரைக்கிறது. முட்டையை உடைத்து அடித்து, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, உப்பு, புளித்த அவரை ஆகியவற்றோடு நல்லெண்ணெயில் கிளறிச் சமைக்கும் செய்முறை அதில் இருக்கிறது. பாத்திரம் செம்பு. ஆனால் அந்தப் பெரிய நூலில் இந்த வகைச் செய்முறைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவித்தலும் கொதிக்கவைத்தலும் வாட்டுதலும்தான் பக்கங்களை நிரப்புகின்றன. வதக்கல் அப்போது ஒரு புதுமை, அவ்வளவே.

சோங் வம்சக் காலத்தில் (960–1279) நிலைமை தலைகீழானது. பேரரசர் ஜென்சோங் 1012-ல் வறட்சி கண்ட பகுதிகளுக்குச் சம்பா நாட்டின் குறுகிய கால நெல்விதையை அனுப்பிவைத்தார். இன்றைய வியட்நாமின் நடுப்பகுதிதான் அந்தச் சம்பா. நெல் பெருகியது, மக்கள்தொகை பத்துக் கோடியை எட்டியது. அரிசி பெருகியதால் தவிடும், தவிட்டால் பன்றியும் பெருகின. தலைநகர் கைஃபெங்கின் வாழ்க்கையை நினைவுகூர்ந்து மெங் யுவான்லாவ் 1147-ல் முன்னுரை எழுதி முடித்த நூல், அறுப்புக்கான பன்றிகள் நாள்தோறும் மாலையில் தெற்கு வாசல் வழியாக ஆயிரக்கணக்கில் நகருக்குள் ஓட்டிவரப்படுவதையும், பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே ஓட்டிவந்தும் ஒன்றுகூட வரிசை பிசகாததையும் வியப்போடு சொல்கிறது. நள்ளிரவு தாண்டி நடந்த இரவுக் கடைகள் விடியுமுன்னே மறுபடி திறந்தன. வாடிக்கையாளர் காத்திருக்கும்போதே பண்டம் தயாராக வேண்டிய கடைத்தெருவில், வேகமாக வதக்கும் சமையலுக்குக் கிராக்கி வந்ததில் வியப்பில்லை.

அதே கைஃபெங்கைச் சுற்றியிருந்த காடுகள் அழிந்துவிட்டன. வீட்டு அடுப்புக்கும் இரும்பு உலைக்கும் செங்கல் சூளைக்கும் மரம் போதவில்லை. நகரத்து வீடுகள் நிலக்கரிக்கு மாறின. அக்கால எழுத்தாளர் ஒருவர், தலைநகரின் லட்சக்கணக்கான வீடுகளில் விறகு எரிக்கும் வீடே இல்லை என்று மிகைபடவே எழுதிவைத்தார். இரும்பு உருக்கவும் கல்கரி பயன்பட்டது. 1078-ல் சீனத்தின் இரும்பு உற்பத்தி 1,25,000 டன் இருக்கலாம் என்று வரலாற்றாய்வாளர் ராபர்ட் ஹார்ட்வெல் கணித்தார். அந்த எண்ணை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனாலும் இரும்புச் சட்டி சாதாரண வீட்டுக்குள் நுழையும் அளவுக்கு மலிந்தது இக்காலத்தில்தான் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எண்ணெயும் அப்படியே. எள், சணல் விதை முதலியவற்றோடு, யாங்சி ஆற்றுப் பகுதியில் நெல் அறுவடைக்குப் பின் குளிர்காலப் பயிராக வந்த கடுகினச் செடியின் விதையும் செக்குக்குப் போனது.

இதில் ஒரு முரண் உண்டு. சட்டியும் எண்ணெயும் வந்துவிட்ட சோங் காலத்தில் பன்றிக்கறிக்கு மதிப்பு இல்லை. அரண்மனையும் அதிகாரிகளும் விரும்பியது ஆட்டுக்கறி. அரசரின் மடைப்பள்ளியில் ஆட்டுக்கறி மட்டுமே சமைக்கப்படுவதை ஓர் அமைச்சர் பெருமையாகவே குறிப்பிட்டார். 1080-ல் ஹுவாங்ஜோவுக்கு நாடுகடத்தப்பட்ட கவிஞர் சூ ஷி, கையில் காசில்லாமல், ஊரார் சீந்தாத பன்றிக்கறியை வாங்கிச் சமைத்தார். மண்ணைப் போல மலிந்து கிடந்த கறியைப் பணக்காரர் தொடுவதில்லை, ஏழைகளுக்கோ சமைக்கத் தெரியவில்லை என்று வருந்தி, குறைந்த நீரில் சிறுதீயில் பொறுமையாக வேகவிடும் பக்குவத்தைக் கவிதையாகவே எழுதினார். அவருடைய புனைபெயரால் விளங்கும் 'தோங்போ கறி' இன்று ஹாங்ஜோ உணவகங்களின் பெருமை. ஆயினும் பன்றிக்கறியைச் சீனத்தின் முதன்மை இறைச்சி ஆக்கியது கவிஞரின் பரிந்துரை அன்று. மக்கள் பெருகப் பெருக ஆட்டுக்கு மேய்ச்சல் நிலம் அருகியது. மிங் காலத்தில் (1368–1644) பன்றி தானாகவே முன்னுக்கு வந்தது.

மிங் அரசர்களின் குடும்பப் பெயரான 'ஜூ'வும் பன்றியைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் ஒன்றே. பேரரசர் ஜெங்தே பிறந்ததும் பன்றி ஆண்டில். 1519-ல் தென்னாட்டுப் பயணத்தில் இருந்த அவர், பன்றி வளர்க்கவும் அறுக்கவும் தடை விதித்தார். உழவர்கள் குட்டிகளைக் கொன்று புதைக்கும் நிலை ஏற்பட்டது. தடை நெடுநாள் நீடிக்கவில்லை. பன்றி இல்லாமல் படையல் செய்வது எப்படி என்ற கேள்விக்கு அரசிடம் விடை இல்லை.

சட்டி வார்க்கும் தொழில் குறித்து விரிவான விவரம் 1637-ல் வெளிவந்த 'தியான்கோங் கைவு' என்ற தொழில்நுட்ப நூலில் இருக்கிறது. அதை எழுதிய சோங் யிங்ஷிங் பட்டறைகளை நேரில் பார்த்தவருக்குரிய நுணுக்கத்தோடு விவரிக்கிறார். புழக்கத்தில் இருந்த சட்டியின் வாய் இரண்டு சீன அடி, அதாவது அறுபது சென்டிமீட்டருக்குச் சற்று மேல்; கனம் ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர். உள் அச்சை முதலில் களிமண்ணில் வனைந்து உலர்த்தி, அதன்மேல் வெளி அச்சைக் கவிழ்ப்பார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் சட்டி. மயிரிழை பிசகினாலும் சட்டி வீண். ஓர் உலை உருக்கில் பத்து அல்லது இருபது சட்டிகளுக்கு இரும்பு கிடைக்கும். ஒரு கரண்டி உருக்கு ஒரு சட்டி. வார்த்ததும் ஆறவிடாமல் மேல் அச்சைத் தூக்கி, சட்டி செக்கச்செவேல் என்று இருக்கும்போதே ஓட்டை தெரியும் இடத்தில் துளி உருக்கை ஊற்றி, நனைந்த வைக்கோலால் அழுத்திச் சமன்செய்வார்கள். புதிய இரும்பைவிட உடைந்த பழஞ்சட்டிகளை உருக்கி வார்த்தது ஒழுகாது. ஆறிய பின் மெல்லிய கோலால் தட்டிப் பார்ப்பார்கள். கட்டையைத் தட்டியது போன்ற ஓசை வந்தால் நல்ல சட்டி. ஓசை பிறழ்ந்தால் இரும்பு பதமாகவில்லை, சீக்கிரம் உடையும்.

இந்தத் தொழிலின் தலைநகர் குவாங்ஜோவுக்குத் தென்மேற்கே உள்ள ஃபோஷான். மிங், சிங் காலங்களில் அங்கே வார்த்த மெல்லிய சட்டிகள் 'குவாங் சட்டி' என்ற பெயரில் நாடு முழுவதும் விலைபோயின. கடல் கடந்தும் போயின. கடல் வணிகத்தில் சட்டி இன்னும் பழையது: குவாங்டோங் கடற்கரைக்கு அப்பால் 1987-ல் கண்டறிந்து 2007-ல் தூக்கப்பட்ட 'நான்ஹாய் 1' என்ற தென் சோங் காலக் கப்பலின் சரக்கில், பீங்கானோடு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய இரும்புச் சட்டிகளும் இருந்தன. 1349-ல் வாங் தாயுவான் எழுதிய கடல் நாடுகள் பற்றிய நூல், பல துறைமுகங்களில் விலைபோகும் சரக்காக இரும்புச் சட்டியைச் சேர்க்கிறது. நாகப்பட்டினத்தில் 1267-ல் கட்டி முடிந்ததாகச் சீன எழுத்துப் பொறித்த செங்கல் கோபுரத்தையும் அதே நூல் பதிவுசெய்திருக்கிறது. தமிழ் வணிகர்களும் மறுகரையில் இருந்தார்கள். சுவான்ஜோ துறைமுகத்தில் அவர்கள் எழுப்பிய சிவன் கோயிலுக்கு 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சான்று. தமிழகத்தின் தென்மாவட்டங்களிலும் கேரளத்திலும் வாணலியைச் சீனச்சட்டி என்று சொல்வது இந்தக் கடல்வழி உறவின் எச்சம் என்று கொள்ளலாம்.

சிங் அரசு ஒருகட்டத்தில் இந்த ஏற்றுமதியைக் கண்டு அஞ்சியது. 1731-ல் குவாங்டோங் அதிகாரி ஒருவர் பேரரசர் யோங்ஜெங்குக்கு அனுப்பிய அறிக்கை, அயல்நாட்டுக் கப்பல் ஒவ்வொன்றும் நூறு கட்டு முதல் ஆயிரம் கட்டு வரை சட்டி வாங்கிப்போவதைச் சொன்னது. ஒரு கட்டு என்பது சுமார் பன்னிரண்டு கிலோ. சட்டி என்ற பெயரில் ஆயுதத்துக்கான இரும்பு வெளியே போகிறது என்ற கவலையில் பேரரசர் ஏற்றுமதியைத் தடைசெய்தார். வந்த மாலுமிகள் தம் சமையலுக்கு மண்சட்டி கொண்டு சமாளிக்கட்டும் என்பது அரசின் வாதம்.

உள்நாட்டில் இந்தச் சட்டி தீர்த்துவைத்த பெரிய சிக்கல் எரிபொருள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மக்கள்தொகை முப்பது, நாற்பது கோடி என்று ஏறியபோது மரம் எட்டாக்கனி ஆயிற்று. அமெரிக்க மண்ணியல் அறிஞர் எஃப். எச். கிங் 1909-ல் கிழக்காசியாவில் பயணம்செய்து எழுதி, 1911-ல் வெளியான நூலில், சீன உழவர்கள் வைக்கோல், பருத்திமார், சோளத்தட்டை, காய்ந்த புல் என வயலில் மிஞ்சியதையெல்லாம் சேர்த்து எரித்ததை விரிவாக எழுதினார். வைக்கோல் குப்பென்று பற்றிச் சட்டென்று அணையும். மணிக்கணக்கில் வேகும் குழம்புக்கு அது உதவாது. ஆனால் மெல்லிய இரும்பு ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிடும். சீவலாக அரிந்த கறி அடுத்த ஓரிரு நிமிடத்தில் வெந்துவிடும். கத்தியும் பலகையும் செய்யும் வேலைக்கு விறகு வேண்டாம். தீயில் செலவாக வேண்டிய நேரத்தை அரிவதில் செலவழித்ததுதான் இந்தச் சமையலின் சூட்சுமம். ஒருவர் அடுப்பின் பின்னே அமர்ந்து வைக்கோலைத் திணிக்க, மற்றவர் முன்னே நின்று கிளறுவார். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் கறி கருகும், இல்லையேல் கீரை நீர்விடும்.

கறிக்கும் காய்க்கும் இடையிலான பங்கீடும் அப்படிப்பட்டதே. விலாவுக்கு அடியிலுள்ள கொழுப்புக் கறியை முதலில் போட்டால் கொழுப்பு உருகித் தானே எண்ணெயாகிவிடும். அந்த நெய்யில் காய் வதங்கும்போது ஒரு கைப்பிடிக் கறியின் மணம் ஒரு சட்டிக் காய்க்கு ஏறும். பானையில் ரசமாகக் கொதிக்கவைத்தால் அந்த மணம் தண்ணீரில் நீர்த்துப்போகும். உருண்டை அடியில் ஒரு கரண்டி எண்ணெயும் குளம்போலத் தேங்கி நிற்பதால் தட்டைச் சட்டிக்கு ஆகும் எண்ணெயைவிடக் குறைவே போதும்.

இந்த அனுபவ அறிவை எழுத்தில் வடித்தவர்களில் முதலிடம் யுவான் மெய்க்கு. கவிஞர், ஓய்வுபெற்ற நடுவர், நான்ஜிங்கில் சுய் தோட்டம் என்ற பெரிய வீட்டில் வாழ்ந்த சாப்பாட்டுப் பிரியர். அவருடைய சமையல் நூல் 1792-ல் வெளிவந்தது. மீன், கோழி, காய்கறி எனத் தனித்தனிப் பகுதிகள் வைத்தவர், எல்லாவற்றிலும் அதிகம் புழங்கும் பன்றிக்குச் சிறப்புப் பகுதியே ஒதுக்கினார். வதக்கலுக்கு அவர் வைத்த விதி கறாரானது: சட்டியில் பொருள் மிகுந்தால் தீ உள்ளே ஏறாது, கறி மெத்தென்று வராது, ஆகவே பன்றிக்கறி அரை 'ஜின்'னுக்கு, அதாவது 300 கிராமுக்கு மேல் போகக் கூடாது. கோழிக்கும் மீனுக்கும் அளவு இன்னும் குறைவு. கறியைத் தாவர எண்ணெயிலும், காயை விலங்குக் கொழுப்பிலும் வதக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு விதி. பணக்காரர் வீட்டுச் சமையலைப் பற்றிய நூல்தான். இருந்தும் இவ்விரு விதிகளும் ஏழை வீட்டுச் சட்டிக்கும் அப்படியே பொருந்துகின்றன. இன்று வீடுகளில் வதக்கல் தளதளவென்று அவியலாகிப் போவதற்கு யுவான் மெய் சொன்ன காரணமே காரணம்: சட்டி நிரம்பக் கொட்டுகிறார்கள்.

அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் இந்தச் சட்டிக்குள் வந்த கதை தமிழகத்து மிளகாயின் கதையோடு ஒத்தது. 1590களில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஃபுஜியான் கரையை அடைந்தது. கிழங்கு மனிதருக்கும் கொடி பன்றிக்கும் தீனியாயின. மிளகாயைப் பற்றிய முதல் சீனக் குறிப்பு 1591-ல் காவ் லியான் எழுதிய நூலில் வருகிறது. அங்கே அது பார்வைக்கு அழகான ஒரு செடி, அவ்வளவே. சிச்சுவான், ஹுனான் உழவர்களின் உணவில் அது ஊன்றியது அதற்கு நூறாண்டுக்கும் மேலான பிறகுதான். உப்பு விலை ஏறிய மலைநாட்டில், வெறும் சோற்றை உள்ளே தள்ள மிளகாய் உதவியது.

சிச்சுவானின் 'ஹுய்குவோ ரோ' ஒரே சட்டிச் சமையலின் முழு உருவம் எனலாம். கறித்துண்டை முழுதாக நீரில் வேகவைத்து எடுத்து, ஆறிய பின் மெல்லியதாக அரிந்து, அதே சட்டியில் மறுபடி போட்டு, ஓரங்கள் சுருண்டு கிண்ணம்போல ஆகும்வரை வதக்குவார்கள். பிஷியான் ஊரின் மிளகாய், அகன்ற அவரை சேர்த்துப் புளிக்கவைத்த விழுதும் பூண்டுத்தாளும் சேரும். கறி வெந்த நீரில் முள்ளங்கியோ முட்டைக்கோசோ போட்டால் அதுவே சூப். முன்னோருக்குப் படைக்க வேகவைத்த கறியை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி சூடாக்கியதில் பிறந்த பண்டம் என்று அங்கே சொல்வதுண்டு. வடகிழக்கில் வழி வேறு. கடுங்குளிருக்கு முன் புளிக்கவைத்த முட்டைக்கோசும் பன்றிக்கறியும் பாசிப்பயறு, உருளைக்கிழங்கு மாவுகளில் செய்த சேமியாவும் பெரிய இரும்புச் சட்டியில் கொதிக்கும். கொதிக்கும் குழம்புக்கு மேலே, சட்டியின் உட்சுவரில் மக்காச்சோள மாவை அடைபோல் தட்டி ஒட்டிவிடுவார்கள். அடி மொறுமொறுப்பாகவும் மேல் ஆவியில் வெந்ததாகவும் அடையும், கீழே குழம்பும் ஒரே நேரத்தில் தயார். நாடெங்கும் இதே சட்டியில் பன்றிக்கு மாற்றாக ஆட்டையும் மாட்டையும் சமைத்த முஸ்லிம் சமூகத்தின் கதை தனியாக எழுதத் தக்கது.

கறியின் அளவைப் பற்றி மயக்கம் கூடாது. ஆண்டு முழுவதும் வளர்த்த பன்றியைச் சந்திர நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதத்தில், புத்தாண்டுக்கு முன் அறுப்பார்கள். உப்பிட்டு, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்ட கறி மாதக்கணக்கில் சீவல் சீவலாகக் கரையும். உருக்கி ஜாடியில் எடுத்துவைத்த கொழுப்பு அதைவிட நெடுநாள் வரும். 1929 முதல் 1933 வரை 22 மாகாணங்களில் அமெரிக்க வேளாண் பொருளியல் அறிஞர் லாசிங் பக் நடத்திய ஊரக ஆய்வு, உழவர் உணவில் விலங்குப் பொருள்களின் பங்கு மிகச் சிறியது என்று காட்டியது. தினமும் கறிச்சட்டி என்பது நகரத்து நடுத்தர வர்க்கத்தின் வாழ்க்கை. ஊரில் பெரும்பாலான நாள்களில் சட்டியில் காய் மட்டும்தான், கறியின் இடத்தில் ஒரு கரண்டிப் பன்றிநெய்.

1958-ல் சட்டியே இல்லாமல் போயிற்று. உற்பத்தியை ஒரேயடியாகப் பெருக்க அரசு தொடங்கிய பெரும் பாய்ச்சல் இயக்கத்தில் அவ்வாண்டின் எஃகு உற்பத்தியை முந்தைய ஆண்டைப்போல் இருமடங்காக்கி 1.07 கோடி டன்னாக உயர்த்த இலக்கு வைத்தார்கள். கொல்லைப்புற உலைகளுக்கு இரும்பு வேண்டும் என்று வீட்டுச் சட்டிகள், கரண்டிகள், கதவுக் கொண்டிகள் வரை பிடுங்கப்பட்டன. கம்யூன் பொதுச் சமையற்கூடத்தில் எல்லோரும் உண்ணும்போது வீட்டில் சட்டி எதற்கு என்பது கேள்வி. உலைகளிலிருந்து வந்ததில் பெரும்பகுதி ஒன்றுக்கும் உதவாத கட்டி இரும்பு. அடுத்து வந்த 1959–61 பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மடிந்தார்கள். பொதுச் சமையற்கூடங்கள் மூடப்பட்டபோது, சமைக்கத் தானியம் கிடைத்த வீடுகளிலும் சமைக்கக் கலம் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி எண்ணெய் ஏறிக் கறுத்த சட்டிகளை அழித்ததை, அந்த இயக்கத்தின் முட்டாள்தனங்களில் சிறியதாகக் கருத முடியாது.

பிறகும் நீடித்தது ரேஷன் சீட்டுக் காலம். 1950களின் நடுவிலிருந்தே தானியத்துக்கும் எண்ணெய்க்கும், பின்னர் கறிக்கும் சீட்டு வேண்டியிருந்தது. கறிக்கடை வரிசையில் நின்றவர்கள் கொழுப்பு மிகுந்த துண்டைத்தான் கேட்டு வாங்கினார்கள். அதை உருக்கினால் எண்ணெய்ச் சீட்டு மிச்சம். 1993-ல் தானியச் சீட்டு ஒழிந்தபோது அந்தக் காலம் முடிவுக்கு வந்தது.

இதற்குள் சட்டி உலகம் சுற்றிவிட்டது. 1849-க்குப் பின் கலிஃபோர்னியா தங்க வயல்களுக்கும் ரயில்பாதை வேலைக்கும் போன குவாங்டோங் கூலிகள் அதைத் தூக்கிச் சென்றார்கள். அமெரிக்க நகரங்களில் பரவிய 'சாப் சூயி', கைக்குக் கிடைத்த கறியையும் காயையும் சட்டியில் புரட்டும் அவர்கள் ஊர்ப் பழக்கத்திலிருந்து வந்தது. 1896-ல் அமெரிக்கா வந்த சீன ராஜதந்திரி லி ஹோங்ஜாங்கின் சமையல்காரர்தான் அதைக் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. அதற்கு முன்பே அந்தப் பெயர் அச்சில் வந்திருக்கிறது. மருத்துவரான புவெய் யாங் ஜாவ் 1945-ல் நியூயார்க்கில் வெளியிட்ட சமையல் நூல், வதக்கும் முறையை மேற்கத்திய இல்லத்தரசிகளுக்குப் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தது. மலாய் நாடுகளில் அதே சட்டிக்குக் குவாலி என்று பெயர். மலேசியத் தமிழர் வீடுகளிலும் அது புழங்குகிறது.

சீனத்தில் ஒட்டாத பூச்சுள்ள சட்டிகள் வந்த பிறகு இரும்புச் சட்டி பின்னுக்குப் போனது. 2018-ல் ஒளிபரப்பான ஓர் ஆவணத் தொலைக்காட்சித் தொடர், ஷாண்டோங்கின் ஜாங்சியூ ஊரில் ஆயிரக்கணக்கான சுத்தியல் அடிகளில் தகடு சட்டியாக உருவாவதைக் காட்டியது. சில நாள்களில் இருப்பு முழுவதும் விற்றுத் தீர்ந்தது, போலிகளும் கிளம்பின. அதே ஆண்டு ஆகஸ்டில் ஷென்யாங்கில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கண்டறியப்பட்டது. 2018-ல் 5.4 கோடி டன்னாக இருந்த பன்றிக்கறி உற்பத்தி 2020-ல் 4.1 கோடி டன்னாகச் சரிந்தது. அரசு உறைகுளிர்க் கிடங்கிலிருந்து சேமிப்புக் கறியைச் சந்தைக்கு விட வேண்டியிருந்தது. 2023-ல் உற்பத்தி 5.79 கோடி டன்னுக்கு ஏறிவிட்டது. உலகில் விளையும் பன்றிக்கறியில் ஏறத்தாழ பாதி இது.

பற்றாக்குறை தீர்ந்ததும் சட்டியில் பங்கீடு மாறிவிட்டது. நகரத்து வீடுகளில் கறி மிகுந்து காய் ஓரத்துக்குப் போனது. உடல் பருமனும் இதய நோயும் கூடின. 2022-ல் வெளியான சீன உணவு வழிகாட்டி, வளர்ந்த ஒருவர் வாரத்துக்கு 300 முதல் 500 கிராம் வரை கால்நடை, கோழி இறைச்சி உண்டால் போதும் என்றும், காய்கறி மட்டும் நாளுக்கு 300 கிராமுக்குக் குறையக் கூடாது என்றும் வரையறுக்கிறது.